அப்பாவின் பயாப்சி முடிவு வந்துவிட்டது, கம்பெனி இப்போது இல்லை: ஆஸ்பெஸ்டாஸ் வேலையை எப்படி நிரூபிப்பது?

பாய்லர்காரர் மகள்

அனைவருக்கும் வணக்கம். இங்கே தொழிற்சாலை அனுபவம் உள்ளவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. 1979 முதல் 1993 வரை ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பகுதியில் வேலை பார்த்தார். நீராவிக் குழாய்களுக்கு வெப்பக்காப்பு போடுவதும், பழுது பார்க்கும் நாட்களில் பழையதைப் பெயர்த்தெடுப்பதும் அவருடைய வேலை. அப்புறம் வேறு தொழிலுக்கு மாறிவிட்டார். முப்பது வருடத்துக்கு மேலாக அந்தத் தூசுப் பக்கமே போனதில்லை.

போன வருடக் கடைசியில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். வயதாகிவிட்டது என்று நாங்களே பதில் சொல்லிக்கொண்டோம். அதை நினைத்தால் இன்னும் மனசு அறுக்கிறது. வலது பக்க நெஞ்சில் நீர் கோத்திருந்தது. ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். இரண்டே வாரத்தில் மறுபடியும் சேர்ந்துவிட்டது. நான்காவதாகப் பார்த்த டாக்டர்தான், “ஐயா, இளவயதில் என்ன வேலை செய்தீர்கள்?” என்று கேட்டார். அதற்கு முன்பு பார்த்த மூன்று பேரும் அதைக் கேட்கவே இல்லை.

பயாப்சி முடிவு சென்ற வாரம் வந்தது. மீசோதெலியோமா, நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்.

இழப்பீடு கேட்க வழி இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆனால் கையில் எதுவும் இல்லை. கம்பெனி கைமாறி, பெயர் மாறி, பிறகு மூடப்பட்டுவிட்டது. கட்டடமும் இல்லை. பணிச் சான்றிதழில் ‘ஹெல்பர்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் என்ற சொல் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஒரு புகைப்படம் மட்டும் இருக்கிறது: பாய்லருக்கு முன்னால் பதினொரு பேர் நிற்கிறார்கள், எல்லாருடைய தலையும் தோளும் வெள்ளை. சின்ன வயதில் அதைச் சுண்ணாம்பு என்று நினைத்திருந்தேன்.

எங்கிருந்து தொடங்குவது?

ஓய்வுபெற்ற ஃபிட்டர்

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போய்விட்டு வந்தேன். அந்தப் புகைப்படத்தில் நானும் நிற்பது போலவே இருந்தது. நான் வேறு இடத்தில் வேலை பார்த்தவன், ஆனால் வேலை ஒன்றுதான்.

ஹெல்பர் என்று எழுதியிருப்பதால் பயப்படாதீர்கள். லேகிங், அதாவது வெப்பக்காப்பு வேலை செய்த பாதிப் பேருக்கு ஏட்டில் அந்தப் பெயர்தான். அவர் கையால் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். அப்பாவிடம் கேளுங்கள். பொடி மூட்டையைப் பிரித்து டிரம்மில் கொட்டித் தண்ணீர் விட்டுப் பிசைந்தாரா? கொட்டும்போது எழும் தூசில் எதிரே நிற்பவன் முகம் தெரியாது. அரைவட்டமாக வரும் பைப் செக்‌ஷன்களை ரம்பத்தால் அறுத்தாரா? வால்வுக்குக் கயிறு பேக்கிங் சுற்றினாரா? பழைய கேஸ்கெட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாரா?

எல்லாவற்றிலும் மோசமானது ஷட்டவுன் நாட்கள். ஆறிய குழாயிலிருந்து பழைய லேகிங்கை உலர்ந்தபடியே சுத்தியலால் தட்டி உதிர்ப்போம். தண்ணீர் தெளிக்க யாரும் சொன்னதில்லை. வேலை முடிந்ததும் கம்ப்ரெஸ்ஸர் காற்றை ஒருவர் மேல் ஒருவர் அடித்து உடுப்பைச் சுத்தம் செய்துகொள்வோம். சாப்பாட்டு நேரத்தில் அந்த மூட்டைகள் மேலேயே உட்கார்ந்திருப்போம். ஃபிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் என்று பக்கத்தில் நின்றவர்கள் எல்லாருக்கும் அதே தூசுதான்.

நான் செய்யச் சொல்வது ஒன்றுதான். அந்தப் புகைப்படத்தை ஒரு வெள்ளைத்தாளில் ஒட்டி, ஒவ்வொரு தலைக்கும் எண் போடுங்கள். அப்பாவிடம் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள். அவர்களில் உயிரோடு இருப்பவர்தான் உங்கள் காகிதம்.

எனக்கும் நுரையீரல் உறையில் தடிப்பு இருக்கிறது என்று மூன்று வருடத்துக்கு முன் ஸ்கேனில் தெரிந்தது. மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு இருமலுக்கும் மனம் அங்கேதான் போகிறது.

நெஞ்சக மருத்துவர்

பாய்லர்காரர் மகளுக்கு: உங்கள் அப்பாவிடம் வேலையைப் பற்றிக் கேட்காமல் அனுப்பிய அந்த மூன்று பேரின் தொழிலைச் சேர்ந்தவன் என்ற முறையில் வருந்துகிறேன். நெஞ்சில் நீர் கோத்து வரும் முதியவரிடம் நாற்பது வருடத்துக்கு முந்தைய வேலையைக் கேட்க வேண்டும் என்பது பாடத்தில் இருக்கிறது. நடைமுறையில் பலர் கேட்பதில்லை.

ஃபிட்டர் ஐயாவுக்கும் சேர்த்துச் சிலவற்றைப் பிரித்துச் சொல்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் என்றாலே ஒரே நோய் என்று பலர் நினைக்கிறார்கள்.

கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் இழையின் தன்மை என்னவென்றால், அது நீளவாக்கில் பிரிந்துகொண்டே போகும். கண்ணுக்குத் தெரியும் தூசு அடங்கிய பிறகும் தெரியாத இழைகள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். நுரையீரலின் ஆழத்துக்குப் போன இழையை அங்குள்ள துப்புரவுச் செல்கள் விழுங்கப் பார்க்கும். இழை செல்லைவிட நீளம் என்றால் முழுதாக விழுங்க முடியாது. செல் பாதியில் சேதமாகி, தன்னிடமுள்ள வேதிப்பொருட்களைச் சுற்றிலும் கொட்டிவிடும். இந்த அழற்சி பல பத்தாண்டுகள் தொடரும்.

உறையில் வரும் தடிப்பு, அதாவது பிளாக், தூசு உள்ளே போனதற்கு அடையாளம். அதுவே புற்றுநோயாக மாறுவதில்லை. ஐயா இதை இரண்டு முறை படியுங்கள். ஆனால் அந்த அடையாளம் உள்ளவருக்கு மற்ற நோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால் கண்காணிப்பில் இருப்பது நல்லது. ஆஸ்பெஸ்டோசிஸ் என்பது நுரையீரலுக்குள்ளேயே வடு விழுவது. பெரும்பாலும் பல வருடம் நிறையத் தூசு சுவாசித்தவர்களுக்கு வரும். முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் அடிப்பகுதியில் வெல்க்ரோவைப் பிரிக்கும் சத்தம் கேட்கும். விழுந்த வடுவை அழிக்கும் மருந்து கிடையாது. நுரையீரல் புற்றுநோய் தனி. மீசோதெலியோமா அதிலிருந்தும் வேறு: அது நுரையீரலையோ வயிற்றையோ சுற்றியுள்ள உறையில் வருவது. முதல் தூசுக்கும் நோய்க்கும் இடையே பெரும்பாலும் 20 முதல் 50 வருடம். குறைந்த அளவு தூசுகூடப் போதும். உங்கள் அப்பாவுக்கு 46 வருட இடைவெளி, இதற்குள்தான் வருகிறது.

சிகிச்சை பற்றி நேராகச் சொல்கிறேன். முற்றாகக் குணமாவது மிக அரிது. ஆனால் ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பெமெட்ரெக்ஸெட், சிஸ்பிளாட்டின் கூட்டு மருந்து இருபது வருடமாகப் பயன்பாட்டில் இருக்கிறது. நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்துகள் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நீர் திரும்பத் திரும்பச் சேர்வதைத் தடுக்க உறைகளை ஒட்டவைக்கலாம், அல்லது வீட்டிலேயே நீரை வடிக்கச் சிறு குழாய் பொருத்தலாம். வலிநிவாரணச் சிகிச்சையைக் கடைசி நாட்களுக்கு என்று ஒதுக்காமல் இப்போதே தொடங்குங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கேஸ் தாளில் அவருடைய வேலையையும் வருடங்களையும் எழுதச் சொல்லுங்கள். பயாப்சித் திசு வைத்த மெழுகுக் கட்டிகளை அழித்துவிட வேண்டாம் என்று ஆய்வகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். நாளை எதிர்த்தரப்பு நோயையே மறுத்தால் அதுதான் சாட்சி.

புதிய உறுப்பினர்

ஒரு சந்தேகம். என் சித்தப்பா கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் இருந்தவர், நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். அவர் நிறையப் புகைபிடிப்பார். அதனால் வழக்கே நிற்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது சரிதானா?

நெஞ்சக மருத்துவர்

மருத்துவப்படி அது சரியல்ல. மருத்துவர் இர்விங் செலிகாஃபும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்க வெப்பக்காப்புத் தொழிலாளர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 1979இல் வெளியிட்ட கணக்கு இது. இரண்டும் இல்லாதவருக்கு நுரையீரல் புற்றுநோயால் சாகும் வாய்ப்பு 1 என்றால், கல்நார் மட்டும் இருந்தால் சுமார் 5, புகை மட்டும் இருந்தால் சுமார் 11, இரண்டும் சேர்ந்தால் 50க்கு மேல். புகைபிடித்தவரைக் கல்நார் இன்னும் மோசமாகத் தாக்கியிருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள். மீசோதெலியோமாவுக்குப் புகை காரணமே அல்ல, எனவே பாய்லர்காரர் மகளின் அப்பா விஷயத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

புகைபிடிக்கும் பழைய தொழிலாளிகள் யாராவது இதைப் படித்தால், இன்றே நிறுத்துங்கள். உள்ளே போன இழையை யாராலும் எடுக்க முடியாது. அந்தப் பெருக்கலில் உங்கள் கையில் இருப்பது புகை மட்டும்தான்.

தொழிலாளர் வழக்கறிஞர்

புதிய உறுப்பினருக்கு: புகைபிடித்ததற்காக இழப்பீட்டில் ஒரு பங்கைக் குறைத்த நீதிமன்றங்கள் உண்டு. அதனால் வழக்கே நிற்காது என்று ஆகிவிடாது. இறந்தவர் சார்பில் குடும்பம் வழக்குப் போடவும் பல நாடுகளில் இடமுண்டு. ஆனால் கெடு இருக்கும், உடனே இன்னொருவரிடம் கேளுங்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். அம்மா, நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது கம்பெனியை அல்ல, காலண்டரை. உங்கள் நாட்டில் வழக்குப் போடக் காலவரம்பு எத்தனை வருடம், அது எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்று இந்த வாரமே தெரிந்துகொள்ளுங்கள். பல நாடுகளில் நோய் தெரியவந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். சில இடங்களில் கடைசியாகத் தூசு பட்ட நாளிலிருந்து எண்ணினார்கள். அதில் நடந்த அநியாயத்துக்கு ஓர் உதாரணம்: சுவிட்சர்லாந்தில் 1970களில் தூசு பட்ட ஒரு தொழிலாளிக்கு 2004இல் மீசோதெலியோமா தெரிந்தது, 2005இல் இறந்தார். அங்கே பத்து வருடக் காலவரம்பு. நோய் வருவதற்கு முன்பே வழக்கு காலாவதியாகிவிட்டது என்று உள்நாட்டு நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. ஹோவால்ட் மூர் வழக்கு என்ற பெயரில் அது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. தனக்கு நோய் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே முடியாதவருக்கு இப்படிக் கணக்குப் போடுவது நீதிமன்றத்தை அணுகும் உரிமையைப் பறிப்பதாகும் என்று 2014இல் தீர்ப்பு வந்தது. அதே 2014இல் இத்தாலியில் நேர்மாறாக நடந்தது. காசாலே மோன்ஃபெர்ராத்தோ ஊரில் எடெர்னிட் என்ற கல்நார் சிமென்ட் ஆலையின் தூசால் மாண்டவர்களுக்காக நடந்த பெரிய குற்ற வழக்கில், கீழ் நீதிமன்றங்கள் தந்த தண்டனையை உச்ச நீதிமன்றம் காலாவதி என்ற காரணத்தால் ரத்து செய்தது. ஆலை 1986இலேயே மூடிவிட்டதாம், குற்றம் அன்றோடு முடிந்ததாம். அதற்குப் பிறகும் அந்த ஊரில் ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

ஆவணம் இல்லை என்கிறீர்கள். 1995இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்பு தந்தது: கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம் வரை, அல்லது வேலையிலிருந்து விலகிய பின் 15 வருடம் வரை, இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அந்த விதி பொருந்துமா என்பது தனிக் கேள்வி. கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். 1979இல் சேர்ந்தவருக்கு 2019 வரை. அவருக்கு மூச்சு வாங்கியது அதற்குப் பின்னால்தான். நான் பார்த்ததிலேயே தாராளமான அந்த விதியைவிட இந்த நோய் பொறுமையானது. அதனால்தான் ஃபிட்டர் ஐயா சொன்ன யோசனை சரியானது.

கம்பெனி இல்லை என்பதும் முடிவல்ல. அந்தக் காலத்தில் அவர்களுக்குக் காப்பீடு கொடுத்தவர் யார், சொத்தையும் கடனையும் வாங்கியவர் யார், மூட்டையைத் தயாரித்து விற்றவர் யார் என்று மூன்று பக்கமும் தேட வேண்டும். அமெரிக்காவில் ஜான்ஸ் மான்வில் என்ற கல்நார் கம்பெனி 1982இல் திவால் மனு கொடுத்தது. ஆனால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒரு நிதியம் ஏற்படுத்த வேண்டி வந்தது, பின்னால் பல கம்பெனிகள் அதே வழியில் போயின. பிரிட்டனில், பொறுப்பான முதலாளியையோ அவருடைய காப்பீட்டையோ கண்டுபிடிக்க முடியாத மீசோதெலியோமா நோயாளிகளுக்கென்றே 2014இல் சட்டம் வந்தது. பல முதலாளிகளிடம் வேலை பார்த்தவர்களுக்கு எந்த இழையால் நோய் வந்தது என்று நிரூபிக்க முடியாது அல்லவா? அதற்கும் அங்கே ஃபேர்சைல்ட் வழக்கில் 2002இல் விடை கிடைத்தது: ஆபத்தைக் கணிசமாகக் கூட்டினார் என்று காட்டினாலே போதும்.

“அன்றைக்கு யாருக்கும் தெரியாது” என்று எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும். பிரிட்டனில் கல்நார் ஆலையில் நூல் நூற்ற நெல்லி கெர்ஷா 1924இல் 33 வயதில் இறந்தார். ஆஸ்பெஸ்டோசிஸ் என்ற பெயர் 1927இல் வந்தது. அந்நாட்டு அரசு 1931இல் தூசுக் கட்டுப்பாட்டு விதி போட்டது. ஆய்வாளர்களில் ரிச்சர்ட் டால் 1955இல் நுரையீரல் புற்றுநோயையும், தென்னாப்பிரிக்காவில் வாக்னர் 1960இல் மீசோதெலியோமாவையும் கல்நாரோடு பொருத்திக் காட்டினார்கள். உங்கள் அப்பா வேலைக்குச் சேர்ந்தது 1979. அமெரிக்காவில் கிளாரன்ஸ் போரெல் என்ற வெப்பக்காப்புத் தொழிலாளி தயாரிப்பாளர்கள் மேல் போட்ட வழக்கில், எச்சரிக்காததற்கு அவர்கள்தான் பொறுப்பு என்ற தீர்ப்பு 1973இல் உறுதியானது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

அதனால்தான் கடைசியாக இதைச் சொல்கிறேன், மனம் நோகாதீர்கள். அப்பாவின் வாக்குமூலத்தை அவர் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே, வீடியோவிலும் பிரமாணப் பத்திரத்திலும் பதிவு செய்யுங்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொன்ன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

துவைத்தவள்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

எங்கள் வீட்டில் வேலைக்குப் போனது அப்பா. நோய் வந்தது அம்மாவுக்கு. வாசலிலேயே அப்பாவின் உடுப்பை வாங்கி உதறிவிட்டுத்தான் அம்மா ஊறவைப்பார். உதறும்போது கொடியைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன். அம்மா 62 வயதில் போனார். கல்நார் ஆலைக்குள் கால் வைக்காதவருக்கு எப்படி வரும் என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். லண்டனில் 1965இலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது: தொழிலாளிகளின் உடுப்பைத் துவைத்த வீட்டுப் பெண்கள், ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள்.

அப்பா இன்னும் இருக்கிறார், ஆரோக்கியமாக. “நான்தான் கொண்டுவந்து போட்டேன்” என்று அவர் சொல்லாத நாள் இல்லை. பாய்லர்காரர் மகளே, உங்கள் அம்மாவையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள்.

தொழிலாளர் வழக்கறிஞர்

சகோதரி, முதலாளிக்குத் தொழிலாளியின் வீட்டார் மேலும் கடமை உண்டு என்று ஏற்ற நீதிமன்றங்கள் இருக்கின்றன, மறுத்தவையும் இருக்கின்றன. உங்கள் அம்மாவின் ஆவணங்களை வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: உடுப்பு மாற்றும் அறையும், துவைக்கும் வசதியும் செய்து தரவேண்டியது முதலாளி. அது இல்லாமல் போனது உங்கள் அப்பாவின் குற்றமல்ல.

சீட் வியாபாரி

எல்லாரும் கோபிக்க வேண்டாம். நீங்கள் சொல்வது நீலம், பழுப்பு வகைக் கல்நாரைப் பற்றி. இப்போது கூரை சீட்டில் வருவது வெள்ளை, அது சிமென்டோடு கெட்டிப்பட்டு இருக்கிறது. அதனால் ஆபத்து இல்லை என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

நெஞ்சக மருத்துவர்

உங்களுக்கு அப்படிச் சொன்னவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நீலமும் பழுப்பும் மீசோதெலியோமா விஷயத்தில் வெள்ளையைவிடக் கொடியவை என்பது உண்மை. ஆனால் வெள்ளை உட்பட எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் முடிவு. வேலையிடத்துக் கல்நாரால் உலகில் வருடத்துக்கு 2 லட்சம் பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்பதும் அந்த அமைப்பின் மதிப்பீடு. ஐரோப்பிய ஒன்றியம் 2005இலும் கனடா 2018இலும் வெள்ளையையும் சேர்த்தே தடை செய்தன. கனடா ஒரு காலத்தில் அதைத் தோண்டி உலகுக்கே விற்ற நாடு.

முழுசான சீட் சும்மா கிடக்கும்போது இழை அதிகம் வெளியே வராது. அதை அறுக்கும்போது, துளை போடும்போது, உடைக்கும்போது வரும். அந்த வேலையைச் செய்பவர் கடையில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் அல்ல. அவரை நினைத்துப் பாருங்கள், தயவுசெய்து.

இடிப்பு வேலை

அண்ணா, நான் பழைய கட்டடம் இடிக்கும் வேலையில் இருக்கிறேன். நாளைக் காலையில் ஒரு பழைய கொதிகலன் கூடத்தில் வேலை. குழாய் மேல் வெள்ளையாக ஏதோ சுற்றியிருக்கிறது. துணி மாஸ்க் கொடுத்திருக்கிறார்கள். அது போதுமா?

ஓய்வுபெற்ற ஃபிட்டர்

போதாது தம்பி. தொடாதே. என்ன பொருள் என்று பரிசோதித்த தாளைக் காட்டினால்தான் கை வைப்பேன் என்று மேஸ்திரியிடம் சொல். தனியாகச் சொல்லாதே, உன் கூட வேலை செய்பவர்களையும் சேர்த்துக்கொண்டு போ. கல்நார்தான் என்றால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள்தான் எடுக்க வேண்டும்: இடத்தை மூடி, நனைத்து, தடித்த பையில் கட்டி. துணியும் சாதாரண மாஸ்க்கும் அந்த இழையை நிறுத்தாது. விளக்குமாறு போட்டுக் கூட்டாதே. உடுப்போடு வீட்டுக்குப் போகாதே, மேலே ஒரு சகோதரி எழுதியதைப் படி.

அப்புறம், இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கு. எந்த இடம், எந்தத் தேதி, யார் காண்டிராக்டர், கூட யார் இருந்தார்கள் என்று ஒவ்வொரு வேலைக்கும் நான்கு வரி எழுதி வை. போனில் படமும் எடு. நாங்கள் யாரும் அதைச் செய்யவில்லை.

இடிப்பு வேலை

சரி அண்ணா. நாலு பேர் சேர்ந்து போய்ச் சொல்கிறோம்.

பாய்லர்காரர் மகள்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். முதல் ஊசி ஏற்றி முடிந்தது. நீர் வடிக்கக் குழாய் வைத்திருக்கிறார்கள், இப்போது படுத்துத் தூங்குகிறார். அம்மாவுக்கும் ஸ்கேன் எடுத்தோம். உறையில் சின்னத் தடிப்பு ஒன்று இருக்கிறது, வேறு எதுவும் இல்லை.

அப்பாவின் பேச்சைப் பதிவு செய்துவிட்டோம். மூச்சு வாங்குவதால் ஒரு நாளைக்கு இருபது நிமிடம்தான். ஆறு நாள் ஆனது. இதுவரை எங்களிடம் அந்த வேலையைப் பற்றி அவர் பேசியதே இல்லை. மூட்டையில் இருந்த முத்திரையைப் படமாக வரைந்தே காட்டினார், வழக்கறிஞர் ஐயா அதை வைத்துத் தயாரிப்பாளரைத் தேடுகிறார். கேஸ் தாளில் வேலையும் வருடங்களும் ஏறிவிட்டன. மெழுகுக் கட்டிகளுக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. காலவரம்பு நோய் தெரிந்த நாளிலிருந்துதான் என்று உறுதியானது, மனு தயாராகிறது.

ஃபிட்டர் ஐயா, எண் போட்டேன். பதினொரு பேரில் அப்பா ஏழாவது. ஆறு பேர் இப்போது இல்லை. இருவர் மூச்சுத் திணறி இறந்ததாக வீட்டார் சொன்னார்கள், என்ன நோய் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. மூன்று பேரைக் கண்டுபிடித்துவிட்டோம். இருவர் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார்கள். மூன்றாமவருக்கு நான் பேசும்போதே இருமல் நிற்கவில்லை, அடுத்த வாரம் அப்பாவின் டாக்டரிடமே அழைத்துப் போகிறேன்.

இடமிருந்து நான்காவதாக நிற்பவர் யாரென்று மட்டும் அப்பாவுக்கு நினைவு வரவில்லை. தினமும் காலையில் அந்தப் படத்தை வாங்கிப் பார்க்கிறார்.